ஆதம்பாவா காக்காக்கு எந்தப் பாட்டு

மார்ச் 2, செவ்வாய்

விடியக்குள்ளயே வெயில். காத்து ஒரு சொட்டு இல்ல. நர்ஸ் யூனிபோர்முக்குக் கஞ்சி கூடிப் போச்சு, நடந்தா சரசரக்குது. இவர் வாசலில நிண்டு, “ஆஸ்பத்திரிக்கா, அணிவகுப்புக்கா?” எண்டு பகிடி. பதில் சொல்ல நேரமில்ல, மருதமுனைச் சந்தியில பஸ் நிண்டுது.

இண்டைக்கு ஒப்பரேசன் தியேட்டர் நாள். லிஸ்டில மூண்டு பேர். ரெண்டு பேரை வெட்டித் தைச்சு அனுப்பியாச்சு. மூண்டாவது ஆள் வெட்டாமலே திரும்பி வந்தாரு. இது ரெண்டாந்தரம்.

ஆதம்பாவா காக்கா (சேர்ஜன் அண்ணன் எண்டுவாரு, நாங்க காக்கா எண்டுவம்; பேரு நீளம், இனி ஆ.பா.). சம்மாந்துறை ஆள். வயல்காரர். குடல் இறங்கின வருத்தம். வார்ட்டில கிடக்கக்குள்ள பிரசர் நல்ல பிள்ளை மாதிரி இரிக்கி. தள்ளுவண்டியில ஏத்தித் தியேட்டர் வாசலுக்குக் கொண்டு போனாச் சரி, பிரசர் மீற்றர் முள்ளு துள்ளி ஏறுது. சேர்ஜன் யாழ்ப்பாணத்து மனிசன், நல்ல மனிசன். ஆனா இதில விடமாட்டாரு. “இந்தப் பிரசரோட நான் கத்தி வைக்கமாட்டன் மிஸ்ஸி. ஆளைக் கொண்டு போங்கோ.”

முழு மயக்கம் குடுக்கவும் ஏலா, நெஞ்சில இழுப்பு. முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரக்கச் செய்யிறதுதான் ஒரே வழி. முழிச்சிக்கிட்டே கிடக்கணும். அந்த முழிப்புத்தான் அவருக்குப் பயம்.

போன கிழமை குடல் இறங்கி, உள்ளுக்குப் போகாம நிண்டுட்டுது. காலை உயர்த்தி வச்சு, மெள்ள மெள்ளத் தள்ளி ஒரு மாதிரி அனுப்பினம். அடுத்த தரம் இறுகினாக் குடல் அழுகிரும். அதுவும் சேர்ஜன் ஞாயிற்றுக்கிழமை லீவில ஊருக்குப் போறாரு. வர ஒரு மாசம். மிச்சம் இருக்கிற தியேட்டர் நாள் வியாழன், சனி. மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாந்தான். ஆள் அங்க போய் மட்டும் பிரசரை இறக்கிப் போடுவாரா?

எனக்கு ஒரு யோசனை. வார்ட்டுச் சுவருக்கு அங்கால தேத்தண்ணிக் கடை. அங்க ரேடியோவில பின்னேரப் பாட்டுப் போகக்குள்ள புண்ணுக்கு மருந்து கட்டினா, கத்திற ஆக்கள் பாதிதான் கத்துறாங்க. ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு வாறன். ஒருத்தருக்கும் சொல்லல்ல, சிரிப்பாங்க.

தம்பி குவைத்தில இருந்து கொண்டு வந்த கேசட் ரேடியோ வீட்டில சும்மா தூசி குடிக்குது. நாளைக்குக் கொண்டு போறன்.

வாங்க: பெட்டரி 4. கறுப்பு நூல். மகளுக்கு அழிறப்பர் (திரும்பவும் துலைச்சிட்டாள்). சீனி.

மார்ச் 3, புதன்

ரேடியோவைப் பாத்திட்டுச் சேர்ஜன், “என்ன மிஸ்ஸி, கலியாண வீடோ?” எண்டாரு. விசயத்தைச் சொன்னன். “சரி, செய்து பாருங்கோ. பாட்டுக்கு மேலால நோயாளி கத்தினா நிப்பாட்டிப் போடுங்கோ.” இந்த மனிசனுக்கு நான் இனி ஒரு மாசத்துக்குக் குறை சொல்லமாட்டன்.

முதலாவது ஆள் சந்தியாகு அண்ணன். சொறிக்கல்முனை ஊர். காலில மண்வெட்டி விழுந்த புண். மருந்து கட்டுறம் எண்டா மாதாவில தொடங்கிக் கர்த்தர் வரைக்கும் எல்லாரையும் கூப்பிடுற மனிசன். இண்டைக்குச் சினிமாப் பாட்டு. ரெண்டு பாட்டு ஓடி முடியக் கட்டும் முடிஞ்சுது. ஒரேயொரு தரந்தான் மாதாவைக் கூப்பிட்டாரு, அதுவும் பாட்டு மாறக்குள்ள. “மிஸ்ஸி, அந்த முதல் பாட்டைத் திரும்பப் போட ஏலுமா?” அட பாவி மனிசா, புண் இண்டைக்கு முடிஞ்சுது.

திருக்கை முள்ளுக் குத்தின சாய்ந்தமருதுப் பொடியன் நோவு மாத்திரை கேக்க மறந்து நித்திரை.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மறுகாத்தான் புத்தி கெட்டுது.

ஆ.பா.க்குச் சினிமாப் பாட்டு வேணாமாம். “பொம்புளைக் குரலைக் கேட்டுக்கிட்டு ஒப்பரேசனா, தவ்பா.” சரி. கேசட் பெட்டியில குர்ஆன் ஓதல் ஒண்டு கிடந்துது. நல்ல குரல், கேட்டா மனசு குளிரும். போட்டன். கொஞ்ச நேரத்தில ஆள் கிப்லாப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிட்டாரு. ஆஹா, அடங்கிட்டாரு எண்டு நான் பெருமையா நிக்கிறன். அவர் மெதுவாப் பொஞ்சாதியைக் கூப்பிட்டு, மேட்டு வயல் மூத்தவனுக்கு, பள்ளத்து வயல் இளையவனுக்கு எண்டு பங்கு சொல்லத் தொடங்கிட்டாரு.

பொஞ்சாதி ஆசியா ராத்தா என்ட கையைப் புடிச்சா. “என்ன மிஸ்ஸி, டொக்டர் கைவிட்டுட்டாரா?”

அது யாசீன் சூரா கேசட். மூச்சு அடங்கி மவுத்தாகப் போற ஆக்கள்ட தலைமாட்டில நம்மட ஊரில எதை ஓதுறது? இது எனக்குத் தெரியாதா? நான் என்ன வெள்ளைக்காரியா?

கேசட்டை எடுத்து, காக்கா, ஒங்களுக்கு ஒண்டுமில்ல, மனசு ஆறட்டும் எண்டுதான் போட்டன் எண்டு சொல்லித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். நம்பல்ல. பள்ளத்து வயல் பங்கைச் சொல்லி முடிச்சிட்டுத்தான் குடிச்சாரு.

இவருக்குச் சொன்னன். சிரிச்சுச் சிரிச்சுப் புரைக்கேறிட்டுது. மனிசன்ட தலையில தட்டினது நான்தான்.

மார்ச் 4, வியாழன்

எழுதவே வெக்கம். ஆனா எழுதாட்டி நித்திரை வராது.

ராவு முழுக்க யோசிச்சன். துக்கத்துச் சத்தம் வேணாம், சந்தோசத்துச் சத்தம் வேணும். என்ட கூடப்பிறந்த மூத்தவ, தாத்தாட மகன்ட சுன்னத்துக் கலியாணத்தில புடிச்ச கேசட் இரிக்கி. றபான் கொட்டு, பைத்துப் பாட்டு, பொம்புளைகள் நாக்கைச் சுழட்டிப் போடுற குரவை. குரவையில என்ட குரல்தான் மேல நிக்கிது. கலகலப்பான கேசட். இதைக் கேட்டு ஆருக்குத்தான் முகம் மலராது எண்டு நினைச்சன்.

காலையில ஆ.பா. தள்ளுவண்டியில. பச்சை அங்கி, முதுகுப் பக்கம் முடிச்சு. தியேட்டர் வாசல். பிரசர் பாத்தன், ஏறுது, ஆனா மோசமில்ல. கேசட்டைத் தட்டினன்.

றபான் தொடங்க மனிசன்ட கண் கொஞ்சம் அகலிச்சுது. நான் ரசிக்கிறாரு எண்டு நினைச்சன். பைத்துப் போச்சு. கால் விரல் எல்லாம் மடங்கிச்சு. மறுகா குரவை.

ரெண்டு கையாலயும் முன்பக்கத்தைப் பொத்திக்கிட்டு எழும்பிக் குதிச்சாரு. நான் “காக்கா” எண்டு கூப்பிட முந்திப் பின்பக்கக் கேற்றைத் தாண்டிட்டாரு. பச்சை அங்கி பின்னால கொடி மாதிரிப் பறக்குது. குடல் இறங்கின மனிசன் இப்படி ஓடுவாரெண்டு ஆர் கண்டது. வார்ட்டில இருந்து சந்தியாகு அண்ணன்: “நல்ல பாட்டு மிஸ்ஸி. புண் காலோட நானும் ஓடப் பாத்தன்.”

ஆசியா ராத்தாதான் கண்டுபிடிச்சுக் கூட்டி வந்தா. பஸ் ஸ்டாண்டில தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில இருந்திருக்காரு. பிளேன்டியும் பணிசும் திண்டு முடிச்சிட்டாராம். வெறும் வயிறு போச்சு. இண்டைக்கு ஒப்பரேசன் இல்ல.

சேர்ஜன் கத்தல்ல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. “மிஸ்ஸி, சனிக்கிழமை கடைசி. அண்டைக்கும் இப்பிடியெண்டா நான் ஒண்டும் செய்யேலாது.” அவ்வளவுதான்.

பின்னேரம் ஆ.பா.ட கட்டிலடிக்குப் போனன். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்திருந்தாரு. உள்ளுக்கிருந்து குரல் மட்டும்: “எனக்கு அப்ப ஏழு வயசு மிஸ்ஸி. பட்டுச் சாரம் உடுத்தி, மாலை போட்டு, மாப்பிள்ளை மாப்பிள்ளை எண்டு கொஞ்சித்தான் கொண்டு போனாங்க. றபான் அடிச்சாங்க. குரவை போட்டாங்க. மறுகா சுன்னத்து வைக்கிற ஒஸ்தா கத்தியை எடுத்தாரு.”

நான் எத்தனை சுன்னத்துக் கலியாணத்தில குரவை போட்டிருப்பன். வாய் வலிக்கப் போட்டிருக்கன். உள்ளுக்குப் பொடியன் கத்துறது வெளியில கேக்கப்படாது எண்டுதான் அந்தச் சத்தம். நாங்க பொம்புளைகள் எப்பவும் திரைக்கு வெளியில. எங்களுக்கு அது பலகாரம், புதுச் சீலை, சந்தோசம். திரைக்கு உள்ளுக்குக் கிடந்தவனுக்கு அது என்ன சத்தம் எண்டு நான் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல. தாத்தாட மகனும் இப்படித்தான் கிடந்திருப்பான். நான்தான் மேல குரலெடுத்து நிண்டிருக்கன்.

வெக்கமும் கவலையும். சோறு இறங்கல்ல. இவர் இண்டைக்குச் சிரிக்கல்ல, மீன் பொரியலை என்ட பக்கம் தள்ளி வச்சாரு.

மார்ச் 5, வெள்ளி

மேகம் கொஞ்சம். கடல் பக்கமிருந்து காத்து வந்துது, அல்ஹம்துலில்லாஹ்.

ஜும்ஆ நேரம் வார்ட் அமைதி. பாக்க வந்த ஆம்புளைகள் எல்லாம் பள்ளிக்கு. ஆசியா ராத்தா கட்டிலடியில குந்தியிருந்து சாரம் மடிக்கிறா. நான் வாங்கைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை இண்டைக்குத்தான் செஞ்சன். கேட்டன்.

“காக்கா, ஒங்களுக்கு எந்தச் சத்தம் கேட்டா மனசு அடங்கும்?”

“ஒண்டுமில்ல மிஸ்ஸி.”

“ஒண்டுமில்லாத மனிசன் இரிக்கா? ரேடியோ?”

“கேக்கிறல்ல.”

சந்தியாகு அண்ணன் பக்கத்துக் கட்டிலில இருந்து, “அவர் வயல்காரர் மிஸ்ஸி, களவெட்டிப் பாட்டைக் கேளுங்கோ” எண்டாரு. அந்த மனிசனுக்கு வாய் சும்மா இராது, இண்டைக்கு அதுக்கு நன்றி.

ஆ.பா. முகம் மாறிச்சு. மெள்ளத் தொடங்கினாரு. கதிரை வெட்டிக் களவெட்டியில பரப்பி, மாட்டைக் கட்டிச் சுத்தி மிதிக்க விடுறது. பொலி பொலி எண்டு பாட்டு. மாடு மிரளப்படாது, களைக்கப்படாது, நிண்டு வைக்கோலைத் தின்னப்படாது. அதுக்குத்தான் பாடுறதாம். இவர் பாடினா நடுவில கட்டின மாடு கண்ணை மூடிக்கிட்டு நடக்குமாம். பக்கத்து வயல்காரனும் கூலி பேசிக் கூட்டிக்கிட்டுப் போவானாம், மிதிக்க இல்ல, பாட.

“இப்ப ட்ரெக்டர்தானே காக்கா.”

“ஓம். அதுக்குப் பாடினா டீசல் குறையுமா? லேசு மிஸ்ஸி, ட்ரெக்டர் லேசு.” சிரிச்சாரு. அவர் சிரிச்சு இண்டைக்குத்தான் கண்டன், ஒரு பல் இல்ல.

மறுகா கூரையைப் பாத்தாரு. “மாட்டுக்கெல்லாம் நான் பாடினன். எனக்கு ஆரு பாடின?”

கோவமா இல்ல, குறையா இல்ல, சும்மா ஒரு கதை சொல்ற மாதிரித்தான் சொன்னாரு. ஆசியா ராத்தா சாரத்தை மடிச்சாப்போல திரும்ப விரிச்சுத் திரும்ப மடிச்சா.

நான் வராந்தாவுக்கு வர, பின்னாலயே வந்தா. முக்காட்டை வாயில கடிச்சுக்கிட்டு, “மிஸ்ஸி, எனக்குத் தெரியும் கா” எண்டா.

“என்ன தெரியும்?”

“அந்தப் பாட்டு. முழுக்க.”

களவெட்டிக்குள்ள பொம்புளைகள் போகப்படாது. அது எல்லாருக்கும் தெரியும். இவ வயல் வாடிக் குடிசையில ஆக்களுக்குச் சோறு சமைச்சிக்கிட்டு, ஒவ்வொரு போகமும் கேட்டிருக்கா. அடுப்படியில இருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாம். கலியாணம் முடிச்ச வருசத்தில இருந்து. ஒரு நாளும் வாய் திறந்து பாடினதில்ல. அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

“அப்ப பாடுங்க ராத்தா, நான் கேசட்டில புடிக்கிறன்.”

“அந்நிய ஆம்புளைகள் கேக்கிற இடத்திலயா? என்னால ஏலா.”

அப்பதான் நினைவு. ரேடியோப் பெட்டியோட ஒத்தைக் காதுக்கு வைக்கிற இயர்போன் ஒண்டு வந்துது, ஒருத்தரும் தொட்டதில்ல. மாட்டினா அவர்ட காதுக்குள்ள மட்டுந்தான் கேக்கும். சேர்ஜனுக்குக் கேக்காது. எனக்கும் கேக்காது. சொன்னன்.

“நீங்களும் கேக்கப்படாது மிஸ்ஸி. முடிஞ்சாப்போல அழிக்கணும். ஆரும் கேட்டா நான் பாடல்ல.”

“ஓம் ராத்தா. மூண்டுக்கும் ஓம்.”

துணி அடுக்கிற அறையில ஆளை இருத்தினன். ரேடியோவில எந்தக் கட்டையை அமத்துறது எண்டு காட்டப் போனா, எனக்கே சொல்லித் தாறா. சவூதியில இருக்கிற மூத்தவனுக்கு மாசா மாசம் கேசட்டில கடிதம் பேசி அனுப்புறவவாம். கதவைச் சாத்திட்டு வெளியில காவல் நிண்டன். அஸர் பாங்கு சொல்லக்குள்ள வெளியில வந்தா. முகம் சிவந்து, கண்ணும் சிவந்து. கேசட்டைச் சீலை முந்தானையில சுத்தி, என்னமோ முட்டை தாற மாதிரிக் கையில தந்தா.

நான் கேக்கல்ல. கேக்க ஆசை வந்துது, பஸ்ஸில வரக்குள்ள முழு வழியும் வந்துது. கேக்கல்ல.

பெட்டரி புதுசு வாங்க மறந்திட்டன். கடை பூட்டு. உள்ளது காணும் எண்டு நினைக்கிறன்.

மார்ச் 6, சனி

வெள்ளனத் தூறல், ஏழு மணிக்கு வெயில். பாணும் சம்பலும் அப்படியே வச்சிட்டுப் போனன்.

ஆ.பா. வெறும் வயிறு எண்டதைச் சந்தியாகு அண்ணன் சாட்சி சொன்னாரு. தள்ளுவண்டி. தியேட்டர் வாசல். ரேடியோவைக் கண்டதும் ஆள் கையை முன்பக்கம் கொண்டு போயிட்டாரு. “காக்கா, இண்டைக்கு றபான் இல்ல, குரவை இல்ல. என்ட மகள் மேல சத்தியம்.” இயர்போனைக் காதில வச்சன். தட்டினன்.

முதல்ல ஒண்டுமில்ல. புருவம் சுருங்கிச்சு. மறுகா, “வஅலைக்குமுஸ் ஸலாம்” எண்டாரு. மகனுக்குப் பேசிற பழக்கத்தில ஸலாம் சொல்லித் தொடங்கியிருக்கா போல.

அதுக்குப் பிறகு அந்த முகத்தை எப்படி எழுதிற எண்டு எனக்குத் தெரியல்ல. என்னைப் பாத்தாரு. கதவைப் பாத்தாரு, கதவுக்கு அங்கால ஆசியா ராத்தா நிக்கிறா. திரும்ப என்னைப் பாத்தாரு. கண்ணை மூடினாரு. கண் ஓரத்தால தண்ணி காதுப் பக்கம் ஓடிச்சு, இயர்போன் நனையாம நான் பஞ்சால ஒத்தினன்.

பிரசர் பாத்தன். திரும்பவும் பாத்தன். சேர்ஜன் நம்பாமத் தானும் பாத்தாரு. “சரி, ஊசியைப் போடுவம்.”

முதுகில ஊசி போட ஒரு முனகல், அவ்வளவுதான். வெட்டினது, குடலை உள்ளுக்கு வச்சது, எல்லாம் நல்ல சுகமாப் போச்சு. தலைமாட்டில நிண்டு பிரசர் பாக்கிறது என்ட வேலை, பாத்துக்கிட்டே இருந்தன். இடைக்கிடை அவர்ட வாய் மட்டும் அசையும், “ஓ... பொலி.” ஒரு இடத்தில சிரிச்சாரு. அங்க என்ன பாடினாவோ, அல்லாஹ்வுக்கும் அந்த ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

தையல் தொடங்கக்குள்ள சிரிச்சிக்கிட்டே சொன்னாரு: “இவளுக்கு நித்திரை வருது மிஸ்ஸி. இழுத்து இழுத்துப் பாடுறாள்.”

என்ட உயிர் போயிட்டுது. பெட்டரி. கறுத்த ராத்திரி மாதிரிப் பயம் வந்துது எனக்கு. கட்டையைத் தட்டிப் பாத்தன், சுத்தவே இல்ல. அவர் கண்ணைத் திறந்திட்டாரு. மேல லைட், பக்கத்தில கத்தி, கத்தரி, எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பாக்கிறாரு. பிரசர் ஏறப் போகுது. நான் என்ன, பாடவா? எனக்குத் தெரிஞ்சது குரவை மட்டும்.

அவர்தான் தொடங்கினாரு. மெள்ள, வாய்க்குள்ள. அவ விட்ட இடத்தில இருந்து எண்டு நினைக்கிறன். மறுகா குரல் கொஞ்சம் தெளிஞ்சுது. கரகரத்த குரல், ஆனா பிடிச்சு நிக்கிது. நான் சேர்ஜனைப் பாத்தன். அவர் ஊசியில இருந்து கண்ணை எடுக்கல்ல. “பாடட்டும். வயித்தை மட்டும் ஆட்டாம பாடச் சொல்லுங்கோ.”

கடைசித் தையல் வரைக்கும் பாட்டு. பிரசர் அசையல்ல. தியேட்டரில கூட்டித் துடைக்கிற லேபர் பொடியனும் வாளியைப் புடிச்சுக்கிட்டு நிண்ட இடத்திலயே தலையாட்டுறான்.

கதவைத் திறந்து வண்டியை வெளியில தள்ளினம். ஆசியா ராத்தா சுவரோட ஒட்டி நிக்கிறா. பாட்டு வெளியில கேட்டிருக்கு, முகத்தில தெரியுது. புருசன்ட முகத்தைக் குனிஞ்சு பாத்தா. அவர் கண்ணைச் சிமிட்டினாரு. அவ்வளவுதான், மனிசி நிமிர்ந்து, முக்காட்டைச் சரி செஞ்சு, நடு வராந்தாவில ஒரு குரவை போட்டா பாருங்க, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். மூண்டு தரம். எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு. கூடச் சேர்ந்து போட வாய் வந்துது, கடிச்சுப் புடிச்சன்.

எனக்கு வியாழக்கிழமை நினைவு வந்து அவரைப் பாத்தன். அவர் ரெண்டு கையும் தலைக்குக் கீழ வச்சு, சாவகாசமாப் பொஞ்சாதியைப் பாத்தாரு.

“இப்ப போடு புள்ள. இனி எங்க ஓட? கால் ரெண்டும் என்னட்ட இல்ல.”

மேட்றன் படியால ஓடி வந்தா. “என்ன சத்தம் அது? ஆரு?”

ஆசியா ராத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான், “ரேடியோ, மேட்றன். கொஞ்சம் கூடிப் போச்சு” எண்டன்.

சேர்ஜன் பின்னால நிண்டு கையுறையைக் கழட்டிக்கிட்டு, என்ட கையில கிடந்த ரேடியோவையும் தொங்கிற வயரையும் பாத்தாரு. “ஓம்,” எண்டாரு, “கூடித்தான் போச்சு. பெட்டரியைக் கழட்டி வையுங்கோ.”